ஆரஞ்சுக் கயிறு கட்டிய வாத்து

வெர்னா பிட்ஸ்கால்னி வான்கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு, கொட்டகை பூட்ஸைக் கொட்டகைக்குள்ளேயே கழற்றி, வெளிப் பூட்ஸை மாட்டிக்கொண்டு திரும்பும்போதுதான் குட்டையோரத்தில் வெள்ளையாக ஏதோ கிடப்பதைப் பார்த்தாள். பிளாஸ்டிக் பை என்று நினைத்தாள். அக்டோபர் காற்றுக்கு அடுத்த ஊர்க் கடைப் பைகள்கூட வந்து அவர்கள் வேலியில்தான் மாட்டும். கிட்டே போனால் பைக்கு அலகு இருந்தது.

வெள்ளைக் காட்டுவாத்து. கழுத்தை முதுகின்மேல் மடித்துப் போட்டுக்கொண்டு, இறகெல்லாம் உறைபனி பூத்துக் கிடந்தது. அறுத்த பார்லி வயலில் அதன் சொந்தபந்தம் ஆயிரக்கணக்கில் இறங்கி, சிந்திய மணிகளைப் பொறுக்கியபடி கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. இழவு வீட்டுக்கு வந்த கூட்டம் மாதிரி இல்லை, பந்திக்கு வந்த கூட்டம் மாதிரி இருந்தது.

வெர்னா ரெண்டு அடி பின்வாங்கினாள். வியாழக்கிழமை அவளுடைய வான்கோழிகள் அறுப்புக்கூடத்துக்குப் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூடத்தில் வான்கோழி விருந்து. அறுவடை முடிந்ததும் வருஷாவருஷம் நடக்கிற விருந்து அது. சுற்றுவட்டாரமே வந்து மூன்று பந்தி உட்காரும். பறவைகள் எப்போதும் வெர்னா கொடுப்பவைதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வடக்கே ஒரு பண்ணைக்குப் பறவை நோய் வந்து, வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் ஒரே மத்தியானத்தில் கொட்டகையைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள். சாவு வீட்டுக்குக் கொண்டுபோவது மாதிரி இலைக்குள் சோறு பொதிந்த முட்டைக்கோஸ் உருட்டு ஒரு தட்டு நிறைய செய்து எடுத்துக்கொண்டு வெர்னா அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த வீட்டுக்காரி தட்டை வாங்கிக்கொண்டு, "சத்தமே இல்ல வெர்னா, அதைத்தான் தாங்க முடியல" என்றாள்.

புருஷன் ஓரஸ்ட் காப்பிக் கோப்பையோடு வந்து வாத்தைப் பார்த்தான். ஒரு சுற்று சுற்றிவந்தான். பழைய டிராக்டர் வாங்கப் போனாலும் இப்படித்தான் சுற்றுவான்.

"செத்துப்போச்சு" என்றான்.

"அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமா? சாஸ்கட்டூன் டவுன்ல இருக்கிற பரிசோதனைக் கூடத்துக்குப் போன் பண்ணு. செத்த பறவையப் பார்த்தா சொல்லணும்னு தபாலாபீஸ் கதவுலயே ஒட்டியிருக்கு."

"சொன்னா வெள்ளை உடுப்புக்காரன் வருவான்."

"சொல்லலன்னா?"

"சொல்லமாட்டேன்னு யார் சொன்னா? சொல்லவேண்டியது கடமை. ஆனா நம்ம குட்டையில கிடக்குன்னுதான் சொல்லணுமா?"

வெர்னா அவனைப் பார்த்தாள். முப்பது வருஷமாக இந்த மூஞ்சியைப் பார்க்கிறாள். ஓரஸ்டுக்கு யோசனை வந்தால் காது மடல் சிவக்கும். இப்போது ரெண்டு காதும் சிவந்திருந்தன.

"வேண்டாம்" என்றாள். ஆனால் கொட்டகைக்குள்ளிருந்து வான்கோழிகள் எல்லாம் ஒரே குரலில் களகளவென்று கத்தின. ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும் ஜாதி அது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்கு ரெண்டாவது 'வேண்டாம்' வாயில் வரவில்லை. "கையால தொடாத" என்று மட்டும் சொன்னாள்.

வைக்கோல் உருளை கட்டுகிற ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கயிறு ஓரஸ்டின் பையில் எப்போதும் இருக்கும். அந்த ஊரில் அது இல்லாத பையே கிடையாது. கதவு கழன்றாலும் அதுதான், பெல்ட் அறுந்தாலும் அதுதான். வாத்தின் காலில் சுருக்குப் போட்டு இழுத்து, பிக்கப் வண்டியின் பின்னால் தூக்கிப் போட்டான். தூக்கும்போது இறக்கையைப் பிடித்துத்தான் தூக்கினான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அந்தச் சமவெளியில் யாரும் யாருக்கும் தெரியாமல் எதையும் செய்துவிட முடியாது. மலை இல்லை, மரம் இல்லை. ஜல்லிச் சாலையில் வண்டி போனால் கிளம்புகிற புழுதி மூன்று மைலுக்குத் தெரியும். எந்தப் புழுதி யாருடையது என்று சமையலறை ஜன்னலிலிருந்தே சொல்லிவிடுவார்கள். ஓரஸ்டின் புழுதி கிழக்கே போய், லைல் ஸ்வீன்சனின் குட்டைப் பக்கம் நின்று, அடங்கி, மறுபடி எழுந்து திரும்பி வந்ததை வெர்னா பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்தாள்.

வந்தவன் நேரே போனை எடுத்தான். பேங்க் மேனேஜரிடம் பேசுகிற குரலை வரவழைத்துக்கொண்டான்.

"வணக்கம். ஸ்வீன்சன் குட்டையில ஒரு காட்டுவாத்து செத்துக்கிடக்கு. பேரா? பேரெல்லாம் எதுக்குங்க. பொறுப்புள்ள குடிமகன்னு போட்டுக்குங்க."

அது அவனுடைய சொந்தச் சரக்கு இல்லை. ஊராட்சித் தலைவர் மெர்வின் ஹாக்ஸ்லி எந்தக் கூட்டத்தில் பேசினாலும், சாலையில் பள்ளம் மூடினாலும், "பொறுப்புள்ள குடிமக்களே" என்றுதான் ஆரம்பிப்பார்.

"அடையாளமா? வெள்ளை. நல்ல உடம்பு. கால்ல ஆரஞ்சுக் கயிறு."

வெர்னா தலையில் அடித்துக்கொண்டாள். போனை வைத்த பிறகுதான் ஓரஸ்டுக்கு உறைத்தது. "கயிறு யார்கிட்டதான் இல்ல" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை லைலின் புழுதி தெற்கே போனது. லைல் ஸ்வீன்சன் வண்டி ஓட்டினால் ஆமை முந்திக்கொண்டு போகும். அன்றைக்குப் புழுதி குதிரைவால் மாதிரி நீண்டு போனது. எதிரே வந்த ஓரஸ்ட், வழக்கம்போல ஸ்டியரிங்கிலிருந்து ரெண்டு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னான். லைல் பதிலுக்குத் தூக்கவில்லை.

"விரல் தூக்கலயா?" என்றாள் வெர்னா.

"ஒரு விரல்கூட."

"அப்ப அவன் வண்டியில இருந்திருக்கு."

மத்தியானம் பெட்ரோல் பங்க் காப்பி மேசையில் லைல் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தானாம். ஓரஸ்ட் எதிரே உட்கார்ந்தான்.

"குட்டையெல்லாம் எப்படி இருக்கு லைல்?"

"எந்தக் குட்டை?"

"பொதுவாக் கேட்டேன்."

"பொதுவா நல்லாத்தான் இருக்கு. ஸ்டெல்லா வயல்ல ஏதோ வாத்து கிடக்குன்னு பேசிக்கிறாங்க. நான் பார்க்கல."

"நானும் எதையும் பார்க்கல."

"நல்லது" என்றான் லைல். ரெண்டு பேரும் நிம்மதியாக ஆப்பிள் பைப் பலகாரம் சாப்பிட்டார்கள்.

ஸ்டெல்லா வோய்டோவிச்தான் விருந்துக் கமிட்டியின் தலைவி. யார் பெரோகிக் கொழுக்கட்டை பிடிக்கவேண்டும், யார் வெறும் உருளைக்கிழங்கு உரிக்கலாம் என்று தீர்ப்புச் சொல்கிற கை அவளுடையது. அவளிடம் உருளைக்கிழங்குக்குத் தள்ளப்பட்டவர்கள் கோயில் வாசலில் தலைநிமிர்ந்து நடப்பதில்லை. தன் வயலில் வாத்து கிடப்பதைப் பார்த்ததும் அவளுக்கு விருந்துதான் கண்முன் வந்திருக்கும். அன்று சாயங்காலம் அவளுடைய சிவப்பு வண்டியின் புழுதி மேற்கே, தலைவர் ஹாக்ஸ்லியின் ஜல்லிக் குழிப் பக்கம் போய் நின்றதை வெர்னா பார்த்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஓரஸ்ட், உன் வாத்து தலைவர் வீட்டுக்கு விருந்தாளியாப் போயிடுச்சு."

"நம்ம குட்டைய விட்டுப் போயிடுச்சுல்ல. அதுபோதும்."

அது போதவில்லை. பரிசோதனைக் கூடத்திலிருந்து ஊராட்சிக்குப் போன் வந்துவிட்டது: உங்கள் எல்லைக்குள் ரெண்டு நாளில் மூன்று இடத்தில் காட்டுவாத்துகள் செத்திருக்கின்றன, டாக்டர் ஒருவர் வருகிறார் என்று. ஹாக்ஸ்லிக்கு இதைவிட நல்ல செய்தி அந்த வருஷம் வந்ததில்லை. ஒரு பேரிடரைத் தலைமை தாங்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வெள்ளம் பக்கத்து ஊராட்சியோடு நின்றுவிட்டது, புயல் சுற்றிக்கொண்டு போய்விட்டது. புதன்கிழமை சாயங்காலம் அவசரக் கூட்டம் என்று வீட்டுக்கு வீடு போன் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை விருந்து நடப்பதும் நிற்பதும் அங்கேதான் முடிவாகும் என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டை வெர்னா தொடவில்லை. "நான்தான் 'வேண்டாம்'னு சொன்னேனே" என்றாள்.

"ஒரு தடவைதான் சொன்ன" என்றான் ஓரஸ்ட்.

அது நிஜம்.

புதன்கிழமை காலை. காற்று வடக்கே திரும்பி, பொடிப்பனி ஊசி ஊசியாக அடித்தது. வெர்னா அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். மேற்கிலிருந்து ஒரு புழுதி. அவ்வளவு பெரிய, அகலமான, கம்பீரமான புழுதி அந்த ஊராட்சியில் ஒரே ஆளுக்குத்தான் உண்டு. கதவில் சின்னம் வரைந்த புது வண்டி வந்து அவர்கள் குட்டைக்கு அந்தப் பக்கம் நின்றது. கழுத்தில் டை கட்டிய ஹாக்ஸ்லி இறங்கினார். சாலையைப் பரிசோதிப்பது போலக் குனிந்து ஒரு ஜல்லியை எடுத்துப் பார்த்தார். கீழே வைத்தார். பிறகு பின்னால் போய், எதையோ ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்து இறக்கினார். காற்றுக்கு டை பறந்து அவர் முகத்தையே மூடியது. ஒரு கையால் டையை விலக்கிக்கொண்டு மறு கையால் இழுத்துக்கொண்டு அவர் குட்டைக்கு இறங்கிய அழகை, வெர்னா கேஸை அணைக்க மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டி போனதும் போய்ப் பார்த்தாள். அதே வாத்து. அதே கயிறு. ஓரஸ்ட் போட்ட சுருக்குமுடிச்சு அப்படியே இருந்தது. திங்கட்கிழமை பார்த்ததற்கு இப்போது ரொம்ப ஓய்ந்துபோயிருந்தது. ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த களைப்பு. விட்ட இடத்திலேயே வந்து கிடந்தது.

வெர்னா அங்கேயே நின்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பறவையில் நோய் இருந்தால், அதை நாலு வண்டியில் ஏற்றி, நாலு கொல்லையில் இழுத்து, ஊர் முழுக்கப் பரப்பிவிட்டிருக்கிறார்கள். போன் பண்ணியிருந்தால் ஒரு குட்டையோடு போயிருக்கும்.

முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை மாட்டி, பைக்குள் பை போட்டு, கயிற்றோடு கட்டி, ஓரஸ்ட் மீன்பிடிக்கக் கொண்டுபோகிற நீல ஐஸ்பெட்டிக்குள் வைத்தாள்.

"என் பெட்டிய என்ன பண்ற?" என்றான் ஓரஸ்ட்.

"விருந்தாளிய வழியனுப்பப் போறேன்."

கூடம் நிறைந்திருந்தது. ஹாக்ஸ்லி மேடையில், பின்னால் ஊராட்சி வரைபடம், அதில் மூன்று சிவப்புக் குண்டூசி. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் சாஸ்கட்டூனிலிருந்து வந்த டாக்டர் மரிவிக் தோலெண்டினோ. சின்ன உருவம், பெரிய அங்கி, பூட்ஸ் முழுக்கச் சேறு. பகலெல்லாம் வயல் வயலாக நடந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

வெர்னா பின்வரிசையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன வெர்னா, ஜெல்லி சாலடா?" என்றாள் முன்னால் இருந்தவள்.

"இல்ல. கொஞ்சம் கெட்டியானது."

"பொறுப்புள்ள குடிமக்களே" என்று ஹாக்ஸ்லி ஆரம்பித்தார். "வரலாறு நம்ம கதவைத் தட்டிக்கிட்டு இருக்கு." வரலாறு ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகு விஷயத்துக்கு வந்தார். "மூணு மரணம். மூணு இடம். ஆனா டாக்டரம்மாவே கவனிக்காத ஒண்ணை நான் கவனிச்சேன். மூணு பறவை கால்லயும் ஆரஞ்சுக் கயிறு. இது நோய் இல்ல, பெரியோர்களே. இது கயிறு. இந்த ஊராட்சியில ஆரஞ்சுக் கயிற்றைத் தடைபண்ணி ஒரு தீர்மானம் கொண்டுவரலாம்னு இருக்கேன்."

கூட்டம் சலசலத்தது. நிறையப் பேருடைய கை தன்னையறியாமல் பைக்குள் போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்தது. ஒரு கிழவர் எழுந்தார். "தலைவரே, கயித்தத் தடைபண்ணா என் கால்சட்ட கழண்டுடும். அதுக்கும் ஒரு தீர்மானம் போட்ருங்க" என்றார்.

டாக்டர் எழுந்தாள். "எனக்கு ஒரு சந்தேகம். போன் பண்ணவங்கள்ல ரெண்டு பேர் பொறுப்புள்ள குடிமகன்னு சொன்னாங்க. ஒருத்தங்க பொறுப்புள்ள குடிமகள்னு சொன்னாங்க. பேர் சொல்லல, பரவாயில்ல. ஆனா மூணு இடத்துக்கும் நடந்து போனேன். எங்கயும் பறவை இல்ல. ஒரு இறகுதான் இருந்துச்சு."

"நரி" என்றான் லைல்.

"ஓநாய்" என்றாள் ஸ்டெல்லா.

"பருந்தாக்கூட இருக்கலாம்" என்றான் ஓரஸ்ட். வெர்னா அவன் காலை மிதித்தாள். மிதித்த காலாலேயே எழுந்தாள். ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவழியாக நடந்துபோய் மேடை விளிம்பில் வைத்தாள்.

"டாக்டர், அந்த மூணு பறவையும் இதுக்குள்ள இருக்கு."

"மூணுமா? இவ்வளவு சின்னப் பெட்டியிலயா?"

"ஒண்ணுதான். நாலு வீடு சுத்தி வந்துச்சு. முதல்ல எங்க குட்டையிலதான் கிடந்துச்சு. நான் திங்கக்கிழமையே உங்களுக்குப் போன் பண்ணிருக்கணும். என் வான்கோழிக்குப் பயந்துகிட்டு வாய மூடிட்டேன். கயிறு என் வீட்டுக்காரரோடது, முடிச்சும் அவரோடது."

முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள்.

டாக்டர் கையுறை மாட்டிப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பல்வலியைத் தாங்கிக்கொள்கிறவளின் பொறுமை இருந்தது. "ஒண்ணு சொல்றேன் கேளுங்க. காட்டுப்பறவைக்கு நோய் இருந்துச்சுன்னு சொன்னா, அதுக்காக யார் கொட்டகைக்கும் பூட்டுப் போட மாட்டாங்க. விருந்தையும் நிறுத்த மாட்டாங்க. வானத்துல பறக்கிறதுக்கு எல்லாம் உங்கமேலயா பழிபோடுவாங்க? அதைக் கையில பிடிச்சு, அதே பூட்ஸோட கொட்டகைக்குள்ள போனாத்தான் ஆபத்து. போன்ல கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல, கயிறு என்ன நிறம்னு மட்டும் சொன்னீங்க."

யாரோ இருமினார்கள்.

"இப்ப சொல்லுங்க. யார் யார் இதைத் தொட்டீங்க, வண்டியில ஏத்தினீங்க? முடிவு வர்ற வரைக்கும் அவங்க கோழி, வான்கோழிப் பக்கம் போகக்கூடாது. அவ்வளவுதான்."

ஓரஸ்ட் கையைத் தூக்கினான். அவன் பக்கத்தில், எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு லைல் தூக்கினான். ஸ்டெல்லா கைப்பையை மடியிலிருந்து இறக்கி, ஜபம் பண்ணுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாள்.

டாக்டர் விரல்விட்டு எண்ணினாள். "பிட்ஸ்கால்னி குட்டையில இருந்து ஸ்வீன்சன் குட்டை, அங்கிருந்து வோய்டோவிச் வயல், அங்கிருந்து தலைவரோட ஜல்லிக் குழி. சரி. ஜல்லிக் குழியில இருந்து திரும்ப இவங்க குட்டைக்கு எப்படி வந்துச்சு?"

"பறந்து வந்திருக்கும்" என்றான் லைல்.

ஒருவரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் அந்தப் புழுதியைப் பார்க்காத ஜன்னல் ஊரில் இல்லை. ஹாக்ஸ்லியின் கை டையைச் சரிசெய்யப் போனது. சரிசெய்தது. அங்கிருந்து காதைச் சொறியப் போனது. சொறிந்தது. பிறகு வேறு வேலை எதுவும் இல்லாமல், மெல்ல மெல்ல, தானாகவே தலைக்கு மேலே ஏறி நின்றது.

கூடம் இடிந்துவிழுகிற மாதிரி சிரித்தது.

டாக்டர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து வெர்னாவைக் கேட்டாள். "உங்க கொட்டகைக்குள்ள யார் போவாங்க?"

"நான் மட்டும்தான். உள்ள போக வேற பூட்ஸ். இதை எடுக்கும்போது கையுறை போட்டிருந்தேன்."

"உங்க வீட்டுக்காரர்?"

"அவரை வான்கோழிகளுக்குப் பிடிக்காது."

"அப்ப நாளைக்கு ஏத்துங்க" என்றாள் டாக்டர்.

வெர்னா மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை வான்கோழிகளை வண்டியில் ஏற்ற பாதிரியாரும் பள்ளி பஸ் ஓட்டுகிற பெண்ணும் வந்தார்கள். ஒரு வான்கோழியைக் கால் ரெண்டையும் சேர்த்துப் பிடிக்காவிட்டால் இறக்கையால் மூஞ்சியில் அறையும் என்பது பாதிரியாருக்கு முதல் பறவையிலேயே தெரிந்தது. வழக்கமாக ஏற்றுகிறவர்கள் வாத்தைத் தொட்டவர்கள்; அவர்கள் கொட்டகைப் பக்கம் வரக்கூடாது என்பதால் சாலையில் நின்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யோசனை சொன்னார்கள்.

"கால்ல பிடிங்க ஃபாதர்."

"காலத்தான்பா பிடிச்சிருக்கேன்."

"அது உங்க கால்."

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. வெர்னாதான் எடுத்தாள். டாக்டர் ரெண்டே வரி சொன்னாள். நோய் இல்லை. கரண்டுக் கம்பியில் மோதி நெஞ்செலும்பு உடைந்து செத்திருக்கிறது. பனிமூட்டத்தில் அப்படி நடப்பதுண்டு. வெர்னா போனை வைத்துவிட்டு, வெளியே போய், வெறுமையான கொட்டகையின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். சத்தமே இல்லை. ஆனால் இந்தச் சத்தமின்மை வேறு மாதிரி இருந்தது. உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பந்தி, நாலாவதுக்கும் ஆள் நின்றது. பெரோகி, வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், முட்டைக்கோஸ் உருட்டு, பூசணிப் பை. ஸ்டெல்லா இந்த வருஷம் தானாகவே உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். அதைப் பார்க்கவே சமையலறைக்குள் ஒரு கூட்டம் வந்து போனது.

பந்தியில் முதல் வான்கோழியை ஊராட்சித் தலைவர்தான் வெட்டித் துண்டுபோடுவார். துண்டுபோடுவதற்கு முன் பேசுவார். பேசி முடிப்பதற்குள் குழம்பு ஆடை கட்டும். அது வழக்கம், யாரும் மாற்ற நினைத்ததில்லை. மூன்று நாளாக வெளியே தலைகாட்டாத ஹாக்ஸ்லி, நல்ல செய்தி வந்ததும் புது டையோடு வந்துவிட்டார். கையில் கத்தி, முகத்தில் பழைய வெளிச்சம். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"பொறுப்புள்ள குடிமக்களே. இந்த வாரம் நம்ம ஊராட்சி ஒரு பெரும் சோதனையைத் துணிச்சலா—"

வெர்னா சமையலறையிலிருந்து பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். பொன்னிறமாக வெந்த வான்கோழி, ஆவி பறந்தது. அதன் ரெண்டு கால்களும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. வழக்கமான வெள்ளை நூலால் அல்ல. அடுப்பிலிருந்து எடுத்த பிறகு, புத்தம்புதிய ஆரஞ்சுக் கயிற்றால், சுருக்குமுடிச்சு போட்டு.

ஹாக்ஸ்லி பறவையைப் பார்த்தார். பந்தியைப் பார்த்தார். பந்தி முழுக்கத் தட்டைப் பார்ப்பது போலத் தலை குனிந்திருந்தது, தோள்கள் மட்டும் குலுங்கின.

"சாப்பிடலாம்" என்றார் ஹாக்ஸ்லி.

அந்தக் கூடம் கட்டிய நாளிலிருந்து அவ்வளவு சூடான குழம்பை யாரும் சாப்பிட்டதில்லை.